எல்லையில் வந்த செய்தி



இராசபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரக் காட்டில் அமைந்துள்ளது அய்யனார் கோவில். கல்லூரி நாள்களில் அங்குச் சென்றபோது, ஓடைப் பாறையில் வழுக்கி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டேன். சில நாள்களில் புண் ஆறிற்று, புதுத்தோல் மூடிற்று, மூடியதும் வளர்ச்சி நின்றது. 'வளர்க' என்று உயிரணுக்களுக்கு ஆணையிட்டது எது? 'போதும்' என்று நிறுத்தியது எது? இவ்வினாக்களுக்கு விடை தேடிய வரலாற்றையே இன்று கூற விழைகிறேன்.

1950-களில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், ரீட்டா லெவி-மொண்டால்சினி என்ற இத்தாலியப் பெண்மணியும் ஸ்டான்லி கோஹனும் நரம்புகளை வளரத் தூண்டும் பொருளொன்றை ஆராய்ந்தனர். அது சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியில் மிகுந்திருந்தது. அச்சுரப்பியின் சாற்றைச் சுண்டெலிக் குட்டிகளுக்குச் செலுத்தியபோது, வழக்கமாக 14 நாள் அளவில் திறக்கும் கண்கள் 7 நாள் அளவிலேயே திறந்தன. நரம்புப் பொருளால் இது நிகழாது என்று கண்ட கோஹன், காரணமான வேறொரு புரதத்தைப் பிரித்தெடுத்து 1962-இல் அறிவித்தார். 53 அமினோ அமிலங்களாலான அச்சிறு புரதமே மேல்தோல் வளர்ச்சிக் காரணி. 1986-இல் இருவரும் நோபெல் பரிசு பெற்றனர்.

இக்காரணி செய்தி சொல்வது எங்ஙனம்? அய்யனார் ஊரின் எல்லையில் நின்று காப்பவர் என்பது நம் மக்களின் நம்பிக்கை. உயிரணுவின் எல்லைச் சவ்விலும் ஏற்பி என்னும் காவற்புரதம் நிற்கிறது. செய்தியைத் தெரிவிக்கக் காரணி உள்ளே புகவேண்டுவதில்லை. ஏற்பியைத் தொட்டாற் போதும். உடனே ஏற்பிகள் இரண்டு இணைகின்றன. ஒன்றன்மீது ஒன்று பாஸ்பேட் என்னும் முத்திரையைப் பதிக்கின்றன. அம்முத்திரையைக் கண்ட உட்புரதங்கள் ஒன்றையொன்று தூண்ட, செய்தி கைமாறிக் கைமாறி உட்கருவை அடைகிறது. அங்கு உறங்கிய மரபணுக்கள் விழிக்கின்றன. அவற்றின் படியாகத் தூது ஆர்.என்.ஏ. எழுதப்படுகிறது, அதன் வழியே புதுப்புரதங்கள் பிறக்கின்றன, உயிரணு இரண்டாகப் பிரிகிறது.

அம்முத்திரைக்கான பாஸ்பேட்டை அளிப்பது ஏ.டி.பி. என்னும் பொருள். அதனை 1929-இல் ஜெர்மனியில் லோமானும், அமெரிக்காவின் ஹார்வர்டில் ஃபிஸ்கேயும் எல்லாப்பிரகடா சுப்பாராவும் தனித்தனியே கண்டறிந்தனர். சுப்பாராவ் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். தசை எவ்வாறு ஆற்றல் பெறுகிறது என்று ஆராய்ந்தவர் கண்ட பொருள், செய்தி கடத்தவும் பயன்படுகிறது என்பது பல்லாண்டுகளுக்குப் பின்னரே விளங்கிற்று. 1948-இல் மறைந்த அவர் அதனை அறியவில்லை.

முத்திரையை நீக்கும் நொதிகளும் உயிரணுவில் உண்டு. செய்தி ஓய்வதற்கு அவையும் துணை. செய்தியே வராதபோதும் ஏற்பி ஓயாமல் 'வளர்க' என்று கூவினால், அது புற்றுநோய்க்கு வழியாகிறது. மார்பகப் புற்றுநோய் சிலவற்றில், இந்த ஏற்பியின் இனத்தைச் சேர்ந்த ஹெர்-2 அளவுக்கு மீறிப் பெருகிவிடுகிறது. அதனைத் தடுக்கும் டிராஸ்டுசுமாப் என்ற மருந்து 1998-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. சுண்டெலிக் குட்டியின் கண்ணிமையைக் கூர்ந்து நோக்கியதில் தொடங்கிய வழி, நோயாளியின் படுக்கையருகே வந்து சேர்ந்தது.

என் முழங்காலில் அந்த வடு இன்றும் மங்கலாகத் தெரிகிறது. வளர்வதற்கு ஓர் ஆணை வேண்டும். நிற்பதற்கும் ஓர் ஆணை வேண்டும். இரண்டும் உரிய காலத்தில் எல்லையைக் கடந்ததற்கு அவ்வடுவே சான்று.