கான்சாகிபு: ஏழு லட்ச ரூபாய் சண்டை

மருதநாயகம் என்றதும் நம்மில் பலருக்கு 1997-ல் பூஜை போட்டு அப்படியே நின்றுபோன கமல் படம்தான் ஞாபகம் வரும். (எலிசபெத் ராணியே வந்து தொடங்கி வைத்தும் படம் வரவில்லை!) அந்த ஆள் நம்ம சேத்தூர் பக்கமெல்லாம் படையோடு வந்தவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

ராமநாதபுரம் சீமையில் பனையூரில் பிறந்தவர். இஸ்லாத்துக்கு மாறி யூசுப்கான் ஆனார். மதுரைக்காரர்களுக்கு அவர் கான்சாகிபு; கான்சாமேட்டுத் தெரு அவர் பெயரில்தான் இருக்கிறது. ஆற்காட்டு நவாப் பதவிக்கு முகமது அலியும் சந்தா சாகிபும் அடித்துக்கொண்ட சண்டையில், முகமது அலி பக்கம் நின்ற கம்பெனியிடம் சேர்ந்தார். திருச்சி முற்றுகையில் சோற்றுக்கும் மருந்துக்கும் வழியில்லாமல் கிடந்த வெள்ளைக்காரப் படைக்குச் சாமான் வண்டிகளைப் பத்திரமாகக் கொண்டு சேர்த்தே பெயர் வாங்கினார். சிப்பாய்களுக்கெல்லாம் கமாண்டன்ட் ஆனார்.

அப்புறம் தெற்கே அனுப்பினார்கள். வரி கட்டமாட்டேன் என்று நின்ற பூலித்தேவரோடு மேற்குப் பாளையங்கள் சேர்ந்திருந்தன, நம்ம சேத்தூர் உட்பட. 1759 டிசம்பரில் வாசுதேவநல்லூர் கோட்டையைத் தாக்கினார். வெறும் மண்கோட்டைதான், ஆனால் அதை உடைக்கப் போதுமான பீரங்கி பலம் இல்லை. திரும்பிப் போனார். மறுபடி தயாராகி வந்து 1761 மே மாதம் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் (இது இந்தப் பக்கத்துப் பனையூர்) மூன்றையும் பிடித்தார். நம்ம ஊர்க் கணக்கில் பார்த்தால் அப்போது அவர் எதிரிப் படைத் தளபதி. இதை மறைக்கவேண்டியதில்லை.

சிக்கல் எங்கே வந்தது தெரியுமா? பணத்தில்! மதுரை, திருநெல்வேலி வரி வசூலை வருஷத்துக்கு ஐந்து லட்சம் என்று குத்தகை எடுத்திருந்தார். 1761-ல், ஏழு லட்சம் தருகிறேன், இன்னும் நாலு வருஷம் கொடுங்கள் என்று கேட்டார். மறுத்துவிட்டார்கள். அதிகம் தருபவனை விட்டுவிடுவார்களா என்று காமர்ஸ் படிக்கிற நமக்குத் தோன்றும். ஆனால் அவர் நேராகக் கம்பெனியோடு கணக்கு வைத்துக்கொண்டால் நவாப் எதற்கு? முகமது அலிக்கு அதுதான் பயம். கம்பெனியும் நவாப் பக்கமே சாய்ந்தது. கான்சாகிபு பிரெஞ்சுக் கொடியை ஏற்றிவிட்டார்.

1763-ல் மதுரையை முற்றுகையிட்டார்கள், பலிக்கவில்லை. 1764 ஜூன் 26 அன்று சார்லஸ் கேம்பல் தலைமையில் சுவரேறிப் பாய்ந்தார்கள். மேஜர் பிரஸ்டனுக்கு அன்று பட்ட காயத்தில் உயிரே போனது. கோட்டை விழவில்லை. இந்தப் போரில் திருப்பம் இந்த வெற்றிதான் என்பது என் கருத்து. ஏனென்றால் இதற்குப் பிறகு எதிரிகள் சண்டையை விட்டுவிட்டு வழிகளை அடைத்து உட்கார்ந்துகொண்டார்கள். திருச்சியில் பட்டினியிலிருந்து ஒரு படையைக் காப்பாற்றியவர், மதுரையில் பட்டினியில் மாட்டினார்!

உள்ளே இருந்தவர்கள் பொறுக்கமுடியாமல் விலை பேசினார்கள். திவான் சீனிவாசராவ், வைத்தியர் பாபா சாகிப், பிரெஞ்சுக்கார மர்ச்சந்த் சேர்ந்து அவரைக் கட்டிப்போட்டு ஒப்படைத்தார்கள். 1764 அக்டோபர் 15 அன்று நவாப் தூக்கிலிட்டான். சம்மட்டிபுரத்தில் அடக்கம், அங்கே இப்போது பள்ளிவாசல் இருக்கிறது.

அப்புறம் அந்த வாசுதேவநல்லூர்? 1767-ல் கம்பெனி மறுபடியும் படையும் பீரங்கியும் அனுப்பி அதே மண்கோட்டையை முதலிலிருந்து பிடிக்கவேண்டி வந்தது. செலவு யார் கணக்கில் என்று கேட்காதீர்கள் :)