படலையடி வெளிச்சம்

சுன்னாகத்தில் வீடு கட்டுறவர்கள் கடைசியாக யோசிக்கிறது வெளி லைற்றைப் பற்றித்தான். கேற்றில் ஒன்று, கிணற்றடியில் ஒன்று, முற்றத்துக்கு ஒரு பெரிய ஃப்ளட் லைற். எத்தனை வோற்ஸ், எந்தப் பக்கம் பார்க்க வேணும் என்பதெல்லாம் வயரிங் செய்ய வந்தவரின் விருப்பம். எங்கட கருத்து, இதைக் கொஞ்சம் வரலாற்றோடு சேர்த்துப் பார்க்கலாம் என்பது. குடாநாட்டுக்கே கரண்ட் பிரிஞ்சு போற ஊர் இது.

கரண்டுக்கு முந்தின காலம் சுருக்கமானது. திண்ணை மாடத்தில் ஒரு சிட்டி விளக்கு, ஆராவது வந்தால் படலை வரைக்கும் கையில் ஒரு அரிக்கன் லாம்பு. தேவைப்படும் இடத்துக்கு, தேவைப்படும் நேரத்துக்கு மட்டும் வெளிச்சம்.

1990இல் யுத்தம் திரும்பத் தொடங்கினதோட யாழ்ப்பாணம் இருண்டது. மின்சாரம் நின்றது, மண்ணெண்ணெய்க்கும் தடை. அப்ப வந்ததுதான் ஜாம் போத்தல் விளக்கு. போத்தலின் அடியில் பஞ்சு, அதை நனைக்கிற அளவு மண்ணெண்ணெய், ஒரு மெல்லிய நூல் திரி. கண்ணாடிச் சுவர் காற்றைத் தடுக்கும், சின்னச் சுடர், எண்ணெய் மிச்சம். எங்கட அம்மா அப்பாவின் வயதுக்காரர் பலர் சோதனைக்குப் படிச்சது அந்த வெளிச்சத்தில்தான். அதை வறுமையின் சின்னமாக மட்டும் பார்க்கிறது சரியில்லை. சிக்கனத்தை இதைவிடத் தெளிவாகச் சொன்ன விளக்கு எங்களுக்குத் தெரிந்து வேறில்லை. முற்றத்தில் வெளிச்சம் வைக்கிறதுக்கோ சனம் பயந்தது. மேலே ஹெலி சுற்றும்.

பயம் மறுபக்கமும் வேலை செய்யும். 2011 ஆகஸ்டில் கிறீஸ் பூதக் கதை பரவினபோது இருட்டுத்தான் எதிரியாகத் தெரிந்தது. விடிய விடிய லைற் போடுற பழக்கத்துக்குப் பின்னால் இப்படியான பயங்கள் இருக்கு, அதை நாங்கள் கேலி செய்ய மாட்டோம்.

ஆனால் அந்த வெளிச்சத்துக்கு இந்த ஊர் கொடுத்த விலையையும் சொல்ல வேணும். தேசிய மின்வலையோடு குடாநாடு திரும்பச் சேரும் வரைக்கும் எங்களுக்குக் கரண்ட் தந்தது எண்ணெயில் ஓடின ஜெனரேற்றர்கள். ஆறில்லாத ஊர், சுண்ணாம்புக்கல்லுக்குள் நிற்கிற தண்ணிதான் எல்லாம். அந்தக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. சனம் குடத்தோடு றோட்டில் பவுசருக்குக் காத்து நின்றது. வழக்கு உயர் நீதிமன்றம் வரைக்கும் போய், 2019 ஏப்ரலில் நோதேர்ன் பவர் நிறுவனம் பாதிக்கப்பட்ட சுன்னாகம் மக்களுக்கு 2 கோடி ரூபா கொடுக்க வேணும் என்று தீர்ப்பு வந்தது. வெளிச்சம் குடாநாடு முழுக்கப் போச்சு, எண்ணெய் இந்த ஊர்க் கிணற்றில் நின்றுட்டுது.

அதால வோற்ஸ் கணக்கு எங்களுக்கு வெறும் பில் கணக்கு இல்லை. பழைய 60 வோற்ஸ் குண்டு பல்ப் இரவு 12 மணித்தியாலம் எரிஞ்சால் மாதம் 21 யூனிற்றுக்கு மேல. 7 வோற்ஸ் எல்.ஈ.டி அதே நேரத்துக்கு இரண்டரை யூனிற். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்ததும், பிறகு கட்டணம் ஏறினதும் ஞாபகம் இருந்தால் இந்த வித்தியாசம் விளங்கும்.

கூடின வெளிச்சம் கூடின பாதுகாப்பு என்பதும் பிழை. கண்ணுக்கு நேரே அடிக்கிற ஃப்ளட் லைற்றுக்குப் பின்னால் நிற்கிறவரை நீங்கள் காண மாட்டீங்கள். பக்கத்து வீட்டாரும் நித்திரை கொள்ளேலாது. மூடி போட்டு நிலத்தைப் பார்க்கிற விளக்கு, மஞ்சள் சாயல் வெளிச்சம் (மாரியில் பூச்சியும் குறைய வரும்), ஆள் நடந்தால் மட்டும் எரிகிற சென்சர், இவ்வளவும் படலையடிக்குப் போதும். மழை படுற இடமென்றால் ஐ.பி.65 என்று அடிச்ச விளக்கை வாங்குங்கள். கிணற்றடி லைற்றுக்கு மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். அந்த வயர் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்சுக்கூடாகப் போக வேணும். ஈரக்கை படாத மாதிரி, சுவிட்ச் வீட்டுக்குள்ள இருக்கட்டும்.