பதினெட்டாவது வாரத்து டயர்

மேல்தட்டிலிருந்து உருட்டி இறக்கியபோது அதன் உடம்பெல்லாம் மீசை. கறுப்பு ரப்பர் முடிகள், ஒவ்வொன்றும் பாதித் தீக்குச்சி நீளம். கடைக்காரர் பக்கச்சுவரைத் துணியால் துடைத்துவிட்டு, விளிம்பருகே இருந்த நீள்வட்டத்துக்குள் விரலை வைத்தார். 1825.

"பதினெட்டாவது வாரம், இருபத்தஞ்சாம் வருசம். பொறந்து அஞ்சு மாசம்தான் அண்ணாச்சி ஆகுது. பால்குடி மறக்காத பிள்ளை."

திருநெல்வேலியில் கடைக்காரரும் அண்ணாச்சி, வாங்க வந்தவரும் அண்ணாச்சி. அவர் பால்குடி என்று சொன்னது பேச்சுவாக்கில்தான். ஆனால் அந்தச் சொல்லில் ஒரு உண்மை இருக்கிறது.

என் அக்காவைக் கட்டிக்கொடுத்தது குலசேகரத்தில். குமரி மாவட்டத்தில் அங்கிருந்து கீரிப்பாறை வரை மலைச்சரிவெங்கும் ரப்பர்தான். அக்கா வீட்டில் தங்கும் நாட்களில் விடிவதற்கு முன்பே தோட்டத்துக்குள் சிறு விளக்குகள் அலைவதைப் பார்த்திருக்கிறேன். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போகிறவர்கள். பட்டையைச் சாய்வாகச் சீவுவார்கள். கத்தி ஒரு மயிரிழை ஆழம் கூடினால் மரத்துக்குக் காயம், குறைந்தால் பால் வராது. கருக்கலில் மரத்துக்குள் நீரழுத்தம் மிகுதி, அதனால் பால் தாராளமாக வடியும். வெயில் ஏறினால் சுண்டிப்போகும். முன்பெல்லாம் சிரட்டையில் பிடித்தார்கள். இப்போது பிளாஸ்டிக் கோப்பை.

அந்தப் பாலில் ஆசிட் கலந்து உறைய வைத்து, உருளையில் கொடுத்துத் தட்டையாக்கி, துணி காயப்போடுவதுபோலக் கொடியில் தொங்கவிடுவார்கள். பிறகு புகைக்கூடத்தில் சில நாள். வெளியே வரும் ஷீட் கருப்பட்டி நிறத்தில், வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணாடிபோல் இருக்கும். அதன் வாடை ஒருமுறை மூக்கில் ஏறினால் ஆயுளுக்கும் மறக்காது. புகுந்த வீட்டுக்குப் போன முதல் மாதம் சோறே இறங்கவில்லை என்பாள் அக்கா. இப்போது அந்த வாடை இல்லாவிட்டால் ஊர் வந்த மாதிரி இல்லை என்கிறாள்.

கன்றை நட்டுக் கத்தி வைக்க ஏழு ஆண்டுகள் ஆகும். ஒரு மரம் ஆண்டு முழுக்கத் தருவதோ சில கிலோ ரப்பர்தான். அந்த மரம்கூட இந்த மண்ணுக்கு உரியதில்லை. 1876இல் ஹென்றி விக்ஹாம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை 3,000கூட இல்லை. அந்த நாற்றுகளில் பெரும்பகுதி அதே ஆண்டு இலங்கைக்குக் கப்பலேறி, கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடவில் வேர் பிடித்தது.

என் டயருக்குள் எந்த மரத்துப் பால் இருக்கிறது என்று கேட்பது, ஆற்றில் எந்த மழைத்துளி என்று கேட்பதைப் போன்றது. எல்லாத் தோட்டத்து ஷீட்டும் ஒரே லாரியில் ஏறுகிறது. ஆனால் டயரின் எந்த இடத்தில் மரத்து ரப்பர் உட்காருகிறது என்பதைச் சொல்லலாம். கார் டயரில் அதன் பங்கு ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. பெரும்பாலும் உள்கூட்டிலும் பக்கச்சுவரிலும். ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி நிமிர்ந்து, பள்ளத்தின் அடியை வாங்கிக்கொள்ளும் பகுதி அதுதான். மடங்கி மடங்கி நிமிர்ந்தும் அதிகம் சூடாகாத குணம் மரத்து ரப்பருக்கு உண்டு. சாலையைத் தொடும் மேல்பட்டையில் பெட்ரோலிய வழி வந்த செயற்கை ரப்பர்தான் அதிகம். ஈரத்தில் பிடிப்பதற்காகச் சிலிக்காவும் சேர்ந்திருக்கும். சுருக்கமாக, பயணத்தின் சொகுசு மரத்திலிருந்து வருகிறது, பிடிப்பு ஆலையிலிருந்து.

ஆலை என்றால் நமக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், தேர்வாய் கண்டிகை, அரக்கோணம் என்று சென்னையைச் சுற்றியே டயர் ஆலைகள் வளைத்துக் கிடக்கின்றன. இந்தத் தொழிலின் வேர்களில் ஒன்று 1946இல் திருவொற்றியூர்க் கொட்டகை ஒன்றில் மாம்மன் மாப்பிள்ளை தொடங்கிய பலூன் பட்டறை. குழந்தைகள் ஊதும் பலூன். அந்த மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரிதான் இன்றைய எம்.ஆர்.எஃப்.

ஆலைக்குள் ரப்பரோடு கரித்தூள், சிலிக்கா, கந்தகம், துத்தநாக ஆக்ஸைடு எல்லாம் சேர்த்துப் பிசைகிறார்கள். பாலியெஸ்டர் துணி, எஃகுக் கம்பிப் பட்டை, விளிம்புக்குக் கம்பி வளையம் என்று அடுக்கடுக்காகச் சுற்றியதும், மேல்பட்டையில் துருத்தி நிற்கும் ரப்பர்க் கட்டிகளான பட்டனும் எழுத்தும் இல்லாத ஒரு மொழுக்கை உருளை கிடைக்கும். அதற்கு கிரீன் டயர் என்று பெயர். பார்த்தால் கன்னங்கரேல் என்றிருக்கும். ஆனால் சுடாத செங்கலைப் பச்சைக்கல் என்று சொல்லிப் பழகிய நமக்கு இந்தப் பெயரில் வியப்பு வராது. இந்தப் பச்சை டயரையும் சூளையில்தான் வைக்கிறார்கள். இரும்பு அச்சுக்குள் அடைத்து, உள்ளே ஒரு பையை ஊதவிட்டு, 160 டிகிரிக்கு மேல் பத்துப் பன்னிரண்டு நிமிடம். அச்சில் சிக்கும் காற்று வெளியேறச் சின்னத் துளைகள் உண்டு. காற்றின் பின்னாலேயே ரப்பரும் கொஞ்சம் ஓடிவிடுகிறது. அதுதான் மீசை.

டயரின் வாயை அடைப்பதும் திறப்பதும் இந்த அச்சில்தான். மேல்பட்டையைச் சுற்றி 70 பட்டன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எல்லாம் ஒரே நீளம் என்றால், 80 கிலோமீட்டர் வேகத்தில் அவை நொடிக்கு 700 தடவைக்கு மேல் சம இடைவெளியில் சாலையை அறையும். சமமாக அறைந்தால் அது சுருதி. ஒரே சுருதி, அதுவும் காதைத் துளைக்கிற சுருதி. அதனால் பட்டன்களின் நீளத்தை வேண்டுமென்றே மாற்றி மாற்றி அமைக்கிறார்கள். வகுப்பறைப் பிள்ளைகள் ஒரே குரலில் வாய்ப்பாடு ஒப்பித்தால் தெருவுக்கே கேட்கும். அதே பிள்ளைகள் ஆளுக்கொன்று பேசினால் வெறும் இரைச்சல், யாரும் காது கொடுப்பதில்லை. சத்தம் குறைவதைவிட அது சிதறிப்போவதுதான் இங்கே பெரிது. இனி யாராவது உங்களிடம் புது டயர் விற்க வந்தால், பட்டன்களை வரிசையாக விரலால் அளந்து பாருங்கள். நீளம் ஒன்றுபோல இருக்காது.

நான் சத்தம் இல்லாத டயர் தேடிப் போனதற்குக் காரணம் என் அம்மா. எங்கள் வண்டி ஏழு பேர் நெருக்கி உட்காரும் ரகம் இல்லை. ஐந்து பேர் வண்டிதான். ஆனாலும் பின் சீட்டில் உட்கார்ந்து அம்மா பேசுவாள், வண்டியின் உறுமலில் பாதி கேட்காமலே முன்னால் நான் "ஆமாமா" என்று சொல்வேன். ஒருநாள் "ஆமாமா" சொல்லக்கூடாத இடத்தில் சொல்லிவிட்டேன். மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லை.

அந்த உறுமல் வேகம் 60ஐத் தாண்டினால் தொடங்கும், 80இல் முழங்கும். ஒரு பணிமனையில் கேட்டதும் வீல் பேரிங் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார்கள். மதிப்பீட்டுச் சீட்டைப் பார்த்ததும் தலை சுற்றியது. டயர்க்கடை அண்ணாச்சி சிரித்தார். முன்சக்கரத்துப் பட்டனை உள்ளங்கையால் முன்னோக்கித் தடவச் சொன்னார்: வழுவழு. பின்னோக்கித் தடவினேன்: ரம்பப்பல் மாதிரி கையைப் பிடித்தது. அலைன்மென்ட் பார்க்காமலும் டயரை இடம் மாற்றாமலும் 48,000 கிலோமீட்டர் ஓட்டியதன் கூலி. முன்னிரண்டைப் பின்னுக்கும் பின்னிரண்டை முன்னுக்கும் மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்த்தோம். உறுமலும் பின்னால் போய்விட்டது. பேரிங் என்றால் அது இருந்த இடத்திலேயே இருந்திருக்கும். அம்மாவுக்குத்தான் இப்போது இன்னும் கஷ்டம், உறுமல் அவள் காதடிக்கே வந்துவிட்டது.

சரி, புதிது வாங்கலாம் என்றால் ஆளுக்கொரு யோசனை. மகனுக்கு ஏ.டி. டயர், அதுவும் வெள்ளை எழுத்து போட்டது. காட்டுக்கும் மேட்டுக்கும் ஆன டயர். பட்டனெல்லாம் பணியாரம் பருமன். அவற்றின் இடையே சிக்கும் காற்று ஒவ்வொரு சுற்றிலும் பிதுங்கி வெளியேறும்போது ஊளையிடும். நாங்கள் ஏறும் அதிகபட்ச மேடு அக்கா வீட்டு வாசல்தான் என்று சொல்லி வாயடைத்தேன். மச்சான், ரிம்மைப் பெரிதாக்கினால் வண்டி கம்பீரமாக இருக்கும் என்றார். ரிம் பெருக்கப் பெருக்கப் பக்கச்சுவர் குட்டையாகும். எங்கள் 215/60 ஆர்17இல் 215 என்பது மில்லிமீட்டரில் அகலம், அதில் 60 சதவீதம், அதாவது 129 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம். மரத்துப் பால் வேலை செய்யும் இடமே அந்த 129தான். கம்பீரத்துக்காக அதை வெட்டிக்கொள்வது பஞ்சைப் பிடுங்கிவிட்டு மெத்தைக்குப் பட்டுறை போடுவதைப் போன்றது.

உள்ளே நுரைப் பட்டை ஒட்டிய டயரும் இருந்தது. டயருக்குள் அடைபட்ட காற்றுக்கு என்று ஒரு குரல் உண்டு, நொடிக்கு 200 அதிர்வு அளவில் ஒரு கட்டைக் குரல். கடத்துக்குள் துணியைத் திணித்தால் எப்படி அடங்குமோ அப்படி நுரை அதை அடக்கிவிடும். ஆசையாகத்தான் இருந்தது. விலை ஒரு பக்கம். பஞ்சர் ஒட்ட நுரையைக் கிழித்தெடுக்கத் தெரிந்த ஆள் எங்கள் பாதையில் எத்தனை பேர் என்று அண்ணாச்சி கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

சத்த அளவு பற்றிய எண்ணும் அரசு விதியும் இருக்கின்றன. உருளும்போது எழும் ஒலி, ஈரப்பிடிப்பு, உருளலுக்கு எதிரான தடை மூன்றுக்கும் வரம்பு வைத்து 2022 ஜூனில் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. ஆனால் அந்த ஒலியை அளப்பது எப்படி தெரியுமா? எஞ்சினை அணைத்து வண்டியை உருளவிட்டு, பாதையின் நடுவிலிருந்து ஏழரை மீட்டர் தள்ளி மைக் வைக்கிறார்கள். சாலையோரத்து டீக்கடைக்காரர் காதுக்கான எண் அது. அம்மா காதுக்கு இல்லை. ஐரோப்பாவில் டயரில் ஒட்டும் சீட்டிலுள்ள டெசிபலும் அப்படித்தான். உள்ளே வரும் சத்தம் டயர், சஸ்பென்ஷன், கதவு ரப்பர், சாலை எல்லாம் கூடிச் செய்யும் சமையல். அதனால் நான் எண்ணை ஓரளவுக்குமேல் நம்பாமல், எங்கள் ரக வண்டியையே வைத்திருக்கும் இருவரின் பின் சீட்டில் உட்கார்ந்து, தார்ச்சாலையிலும் சிமென்ட் சாலையிலும் போய்ப் பார்த்துத்தான் முடிவெடுத்தேன். மிக அமைதியானது என்று பட்டதை எடுக்கவும் இல்லை. அதில் தண்ணீர் ஓடும் பள்ளங்கள் குறைவு. ஐப்பசி மழையில் அது எனக்கு ஒத்துவராது. இரண்டாவது அமைதியை எடுத்தேன்.

எடுக்காமல் ஒரு மாதம் தள்ளிப்போட்டதும் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கு ஜி.எஸ்.டி. 28இலிருந்து 18 சதவீதமாக இறங்கியது. அந்த ஒரு மாதம் அம்மா பஸ்ஸில் போனாள்.

மாட்டும்போது அண்ணாச்சி பக்கச்சுவரில் ஒரு மஞ்சள் புள்ளியைக் காட்டினார். டயரின் எடை குறைந்த இடம் அது. ரிம்மில் வால்வு இருக்கும் இடம் சற்றுக் கனம். இரண்டையும் நேருக்கு நேர் வைத்தால் பாலன்ஸ் செய்ய ஈயத்துண்டு கொஞ்சமாகப் போதும். எல்லாம் முடிந்து பையன் காற்று அடித்தான்: 40. கதவருகே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் போட்டிருப்பது 33. "நெறைய இருந்தா நல்லதுதானே சார்" என்றான். பக்கச்சுவரை மடங்கவிடாமல் கல்லாக்கிவிட்டு என்ன சொகுசு? இறக்கச் சொன்னேன். ஏழு ஆண்டு வளர்த்த மரம், அச்சில் அளந்து வெட்டிய பட்டன், எல்லாவற்றையும் அந்த ஏழு பி.எஸ்.ஐ. கெடுத்துவிடும்.

பழைய நான்கும் கடையின் பின்பக்கக் குவியலுக்குப் போயின. அவற்றின் பட்டனிலிருந்து டயருக்கு ஒன்றரைக் கிலோ போல ரப்பர் தேய்ந்து, ஐந்து ஆண்டில் நான்குவழிச்சாலை நெடுகத் தூளாய்ச் சிந்தி, மழையில் ஏதோ குளத்துக்குப் போயிருக்கிறது. மிச்சத்தை ஒரு வியாபாரி வந்து அள்ளுவார். அரைத்துப் பொடியாக்கித் தாரில் கலக்கலாம். எண்ணெய் வடிக்கக் காய்ச்சலாம். டயர் செருப்பு தைப்பவர் மட்டும் இதைத் தொடமாட்டார். உள்ளே எஃகு, கத்தி போய்விடும்.

புது டயர் முதல் இருநூறு கிலோமீட்டர் நிதானமாகப் போகட்டும், அச்சின் வழுவழுப்பு போக வேண்டும் என்றார் அண்ணாச்சி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை குலசேகரம் கிளம்பினோம். ஒரு கிலோமீட்டருக்கு 461 சுற்று. நாங்குநேரி தாண்டி, வள்ளியூர் தாண்டி, முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே 80இல் போகும்போது அம்மா தன் வழக்கமான குரலில் பக்கத்து வீட்டு வழக்கைச் சொல்லிக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்தது. "ஆமாமா" சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் சொன்னேன்.

தக்கலை தாண்டி ரப்பர்க் காட்டுக்குள் நுழைந்தபோது மகன்தான் முதலில் கேட்டான்: "அப்பா, பின்னாடி ஏதோ கடகடன்னு சத்தம்." எனக்கும் கேட்டது. ஐந்து ஆண்டாக அந்த உறுமலுக்கு அடியில் ஒளிந்திருந்த சத்தமோ, புதிதோ. ஓரங்கட்டினேன். மரங்களில் கோப்பைகள் கவிழ்ந்து கிடந்தன, காலைப் பால் எடுத்தாகிவிட்டது. டிக்கியைத் திறந்தேன்.

"எய்யா, அது அக்காவுக்கு மாவு கொண்டுவந்த தூக்குவாளி" என்றாள் அம்மா சன்னல் வழியாக. "மூடி எப்பவும் லொடலொடதான். உனக்கு இப்பத்தான் கேக்குதாக்கும்?"