மருத்துவ மாணவர்க்கான பண்பாட்டறிவுப் பயிற்சி

நோயாளியின் நம்பிக்கை, உணவு, கூச்சம், வீட்டில் முடிவெடுப்பவர் யார் என்பவற்றை அறிந்து சிகிச்சை தர, மருத்துவ மாணவர்க்குப் படிப்புக் காலத்திலேயே அளிக்கும் பயிற்சி. இது ஒருமுறை கற்று முடிக்கும் பாடமன்று, வாழ்நாள் முழுதும் தொடரும் பணிவு என்று அமெரிக்க மருத்துவர்கள் டெர்வலோன், மரே-கார்சியா 1998இல் வாதிட்டனர். இந்தியாவில் 2019இல் நடைமுறைக்கு வந்த திறன்சார் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் மனப்பாங்கு, அறநெறி, உரையாடல் திறன் ஆகியவற்றைக் கட்டாயமாக்கியது. உள்ளூர் மொழிப் பயிற்சியும் அதில் உண்டு. கிராமக் குடும்பங்களை மாணவர் தத்தெடுத்துத் தொடர்ந்து கவனிக்கும் திட்டம் பின்னர் சேர்ந்தது.

திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதன் மாணவர் அம்மாவட்டத்தில், பழனியை அடுத்த நெய்க்காரப்பட்டி போன்ற ஊர்களில் சிகிச்சை தர இப்பயிற்சி மிக அவசியம். அம்மை கண்டால் வாசலில் வேப்பிலை செருகி, தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை ஆஸ்பத்திரிக்குப் போகாத வழக்கம் தமிழகக் கிராமங்களில் இன்றும் உண்டு. அதை ஏளனம் செய்யும் மாணவரிடம் அடுத்தமுறை யாரும் வாய் திறக்கமாட்டார்கள். வேப்பிலை இருக்கட்டும், மூச்சுத்திணறலோ ஓயாத வாந்தியோ கண்டால் நாள் பாராமல் கூட்டி வாருங்கள் என்பவர் பேச்சு எடுபடும். இதை வகுப்பறையில் மட்டும் கற்பிப்பது போதாது; வார்டில் மூத்த மருத்துவர் பேசிக் காட்ட வேண்டும்.