நோபல் மேடையில் வெறுமையாய் இருந்த மூன்றாவது நாற்காலி

2007ஆம் ஆண்டு ஒக்டோபர் 9ஆம் திகதி, அந்த ஆண்டின் பௌதிகவியல் நோபல் பரிசு ஸ்ரொக்ஹோமில் அறிவிக்கப்பட்டது. பிரான்ஸைச் சேர்ந்த அல்பேர் ஃபேர், ஜேர்மனியைச் சேர்ந்த பீற்றர் குருன்பேர்க் ஆகிய இருவரும் அதைப் பகிர்ந்துகொண்டனர். சில நனோமீற்றர் தடிப்பே உள்ள காந்த உலோகப் படலங்களில் அவர்கள் கண்ட ஒரு விளைவுக்காகவே பரிசு வழங்கப்பட்டது. கணினியின் வன்தட்டு கையடக்கமாகச் சுருங்கியதற்கு அந்த விளைவே காரணம் என்று மறுநாள் பத்திரிகைகள் எழுதின.

நோபல் விதியின்படி ஒரு துறைக்கான பரிசை மூவர் வரை பகிரலாம். அந்த ஆண்டு மூன்றாவது இடம் வெறுமையாக விடப்பட்டது. அந்த இடத்திற்குரியவர் என்று பலர் எண்ணியிருந்த ஒருவர் இருந்தார். அவர் ஸ்ருவர்ட் பார்க்கின் என்னும் ஆங்கிலேயர், கலிபோர்னியாவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் பணியாற்றியவர். 1994இல் அமெரிக்கப் பௌதிகவியல் சங்கம் இதே ஆய்வுக்காகப் பரிசளித்தபோது ஃபேர், குருன்பேர்க், பார்க்கின் என்று மூவரையும் அழைத்தது. 1997இல் ஐரோப்பியப் பௌதிகவியல் சங்கமும் மூவருக்குமே பரிசளித்தது. பத்து ஆண்டுகளின் பின் மூன்று இரண்டாகியது. அதே 2007இல் யப்பான் பரிசும் இஸ்ரேலின் வுல்ஃப் பரிசும் இருவரோடுதான் நின்றன.

இது நியாயமா? நான் விஞ்ஞானி அல்லன். நெடுங்காலம் செய்தி மேசையில் இருந்தவன். ஆனால் யார் முதலில், எந்தத் திகதியில், எந்தத் தலைப்பில் என்ற கேள்விகள் எங்கள் தொழிலுக்கும் சொந்தமானவை. அந்தக் கண்ணோடு இந்த வரலாற்றைப் படித்தேன்.

காந்தப்புலத்தில் வைத்தால் உலோகத்தின் மின்தடை மாறும் என்பது பழைய செய்தி. பின்னாளில் கெல்வின் பிரபு எனப்பட்ட வில்லியம் தொம்சன் இரும்பிலும் நிக்கலிலும் அதைக் கண்டு 1857இல் வெளியிட்டார். மாற்றம் நூற்றுக்குச் சில வீதம்தான். அதன் பின் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அந்த வீதம் பெரிதாக உயரவில்லை. இனி உயராது என்றே பலரும் நம்பியிருந்தனர்.

1936இல் நெவில் மொற் என்ற ஆங்கிலேயர் ஒரு விளக்கம் தந்தார். ஒவ்வோர் இலத்திரனுக்கும் 'தற்சுழற்சி' என்றொரு பண்பு உண்டு. அதற்கு இரண்டே திசைகள். மேல், கீழ் என்று வைத்துக்கொள்வோம். காந்த உலோகத்தின் உள்ளே மேல்நோக்கிய இலத்திரன்களும் கீழ்நோக்கியவையும் இரு தனித்தனி ஓட்டங்களாகச் செல்கின்றன. ஓர் ஓட்டத்திற்குத் தடை குறைவு, மற்றதற்குக் கூட. மொற் சொன்னது இதுதான்.

இந்தக் கருத்தை எடுத்து ஆராய்ந்தவர் ஃபேர். 1938இல் கார்க்கசோனில் பிறந்தவர். இளமையில் றக்பி ஆட்டத்தில் பெருவிருப்பம் கொண்டவர். பரிஸ் நகருக்குத் தெற்கே ஓர்சே பல்கலைக்கழகத்தில், 1970இல் முடிந்த தமது கலாநிதிப் பட்ட ஆய்வில், நிக்கலில் இருவகை அந்நிய உலோகங்களைச் சிறிதளவு கலந்து பார்த்தார். ஒன்று மேல் ஓட்டத்தை மறிக்கும். மற்றது கீழ் ஓட்டத்தை மறிக்கும். இரண்டும் சேர்ந்தபோது தடை எதிர்பார்த்ததை விட வெகுவாக ஏறியது. கலவைக்குப் பதிலாக இரண்டு காந்தப் படலங்களை அருகருகே வைத்து, அவற்றின் காந்தத் திசையை வேண்டியபடி மாற்ற முடிந்தால், தடையைத் திறக்கவும் மூடவும் முடியுமல்லவா? அந்த எண்ணம் அப்பொழுதே அவருக்கு இருந்தது. ஆனால் படலங்கள் சில நனோமீற்றர் தடிப்பில் இருக்க வேண்டும். நனோமீற்றர் என்பது மீற்றரில் நூறு கோடியில் ஒரு பங்கு. நாங்கள் அச்சிட்ட செய்தித்தாளின் ஒரு தாள் ஏறத்தாழ 70,000 நனோமீற்றர் தடிப்பு. 1970இல் அத்தனை மெல்லிய, சீரான உலோகப் படலத்தை அவரால் ஆக்க முடியவில்லை. எண்ணம் பரணில் ஏறியது.

குருன்பேர்க்கின் வழி வேறு. 1939இல் பில்சென் நகரில் பிறந்தார். இன்று அது செக் குடியரசில் உள்ளது. போர் முடிந்ததும் தந்தை அங்கே சிறையில் இறந்தார். குடும்பம், அந்நாட்டு ஜேர்மன் இன மக்களில் மிகப் பெரும்பாலானோரைப் போலவே வெளியேற்றப்பட்டு, மேற்கு ஜேர்மனியில் லவுற்றர்பாக் என்னும் சிற்றூரில் அகதியாக வந்து சேர்ந்தது. அகதிப் பிள்ளையொன்று எந்த நிலையிலிருந்து எழும்பி வரவேண்டும் என்பதை எங்கள் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. 1972இல் ஜூலிக் ஆய்வு நிலையத்தில் சேர்ந்த அவர் கடைசிவரை அங்கேயே இருந்தார். 1986இல் அவரது குழு இரண்டு இரும்புப் படலங்களுக்கு இடையே மெல்லிய குரோமியம் படலமொன்றை வைத்து ஆராய்ந்தது. குரோமியத்தின் தடிப்பு பொருத்தமாக அமைந்தால், இரண்டு இரும்புப் படலங்களும் தாமாகவே எதிரெதிர்த் திசைகளில் காந்தமாகி நிற்பதைக் கண்டது. வெளியிலிருந்து காந்தப்புலம் ஒன்றைச் செலுத்தினால் இரண்டும் ஒரே திசைக்குத் திரும்பும்.

ஃபேர் பரணில் வைத்திருந்த பூட்டுக்குத் திறவுகோல் இதுவே. அதற்குள் வெற்றிடத்தில் அணு அணுவாகப் படலம் வளர்க்கும் முறையும் கைவந்திருந்தது. தொம்சன் நிறுவனத்தின் ஆய்வாளர்களுடன் சேர்ந்து இரும்பையும் குரோமியத்தையும் மாறி மாறிப் பல பத்துத் தடவைகள் அடுக்கினார். ஜூலிக்கில் குருன்பேர்க்கும், தாம் ஆக்கிய மூன்று படலத் துண்டின் மின்தடையை அளக்கத் தொடங்கினார். ஒருவர் செய்வதை மற்றவர் அறியார்.

என்ன நடக்கிறது என்பதை எங்கள் நாட்டவருக்குச் சொல்லச் சோதனைச்சாவடியே போதும். வீதியில் இரண்டு சாவடிகள். பயணிகளிடம் இரண்டு வகை அனுமதிச் சீட்டுகள். இரு சாவடிகளும் ஒரே வகைச் சீட்டை ஏற்றுக்கொண்டால், அந்தச் சீட்டுள்ளவர்களாவது தடங்கலின்றிப் போய்விடுவார்கள். முதற் சாவடி ஒரு வகையையும் அடுத்தது மறு வகையையும் ஏற்றால், எவரும் ஏதாவது ஓரிடத்தில் மறிக்கப்படுவர். சாவடிகள் இரும்புப் படலங்கள், பயணிகள் இலத்திரன்கள், சீட்டு தற்சுழற்சி. படலங்களின் காந்தத் திசை ஒத்திருந்தால் மின் ஓடும், எதிர்த்திருந்தால் தேங்கும். எந்த விதி இன்று நடைமுறையில் உள்ளது என்பதை வெளிக் காந்தப்புலம் தீர்மானிக்கிறது. பூநகரியிலும் வவுனியாவிலும் வரிசையில் நின்றவர்களுக்கு இது உடனே விளங்கும்.

இப்போது திகதிகளைப் பார்ப்போம். குருன்பேர்க் குழுவின் கட்டுரை அமெரிக்க ஆய்விதழின் கைக்குக் கிடைத்தது 1988 மே 31. ஃபேர் குழுவின் கட்டுரை கிடைத்தது ஓகஸ்ட் 24. ஆனால் ஃபேரின் கட்டுரை அதே ஆண்டு நவம்பரில் வெளிவந்தது. குருன்பேர்க்கினது 1989 மார்ச்சில்தான். செய்தி வந்த நேரம் வேறு, அச்சேறிய நேரம் வேறு என்பது எந்தத் துணை ஆசிரியருக்கும் தெரியும். அந்தக் கோடையில் பிரான்ஸின் லு கிரூசோவில் நடந்த மாநாட்டில் சந்தித்தபோது, ஒரே பொருளைத் தாங்கள் இருவரும் தனித்தனியே கண்டிருப்பது அவர்களுக்கே தெரியவந்தது. இதற்காக அவர்கள் பின்னாளில் சண்டையிடவில்லை. விஞ்ஞான வரலாற்றில் இது அபூர்வம்.

தலைப்பின் கதை இன்னும் சுவையானது. குருன்பேர்க் தமது கட்டுரைத் தலைப்பில் 'மேம்பட்ட' காந்தத்தடை என்று அடக்கமாக எழுதினார். அவருடைய துண்டில் அறை வெப்பநிலையில் மாற்றம் 1.5 வீதம். ஃபேரின் பல அடுக்குப் படலத்தில், திரவ ஹீலியத்தின் கடும் குளிரில், தடை ஏறத்தாழப் பாதியாக வீழ்ந்தது. அவர் 'இராட்சத' காந்தத்தடை என்று தலைப்பிட்டார். உலகம் ஏற்றுக்கொண்ட பெயர் அதுவே. தலைப்பின் வலிமையை இதைவிட நன்றாக எந்த இதழியல் வகுப்பிலும் காட்ட முடியாது. ஆனால் தலைப்பில் தோற்ற குருன்பேர்க் வேறொன்றில் முந்திக்கொண்டார். கட்டுரை அச்சேறும் முன்னரே அவரது நிலையம் காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டது. பின்னர் ஐ.பி.எம். உட்பட நிறுவனங்கள் அதற்கு உரிமப் பணம் செலுத்தின.

கண்டுபிடிப்பின் கதை இங்கே முடிகிறது. பயன்பாட்டின் கதை தொடங்கவில்லை. ஃபேரின் விளைவைப் பெற வலிமையான மின்காந்தமும் திரவ ஹீலியமும் வேண்டும். படலம் வளர்க்கும் முறையோ மெதுவானது, செலவு மிக்கது. சன்னல் திறந்த அறையில், வன்தட்டில் பதிந்த ஒரு சின்னஞ்சிறு புள்ளியின் மெல்லிய காந்தப்புலத்தை அது உணருமா? உணராது.

பார்க்கின் வருவது இங்கேதான். சான் ஹோசேயில் அவர் தெளிப்பு முறையைக் கையாண்டார். உலோகக் கட்டியொன்றை வாயு அயன்களால் தாக்கினால் அதன் அணுக்கள் சிதறிப் பறந்து எதிரே உள்ள தகட்டில் படியும். தொழிற்சாலைகளுக்குப் பழகிய முறை, மலிவு, வேகம். இத்தகைய 'கரடுமுரடான' படலத்தில் இவ்வளவு நுட்பமான விளைவு தோன்றாது என்பது பொதுக் கருத்து. அவர் செய்து காட்டினார். அதோடு நில்லாமல், வெவ்வேறு உலோகங்களில், வெவ்வேறு தடிப்புகளில் எண்ணற்ற அடுக்குகளை ஆக்கி அளந்தார். 1990இல் வெளியிட்ட முடிவு எல்லோரையும் வியக்க வைத்தது. இடைப்படலத்தின் தடிப்பை ஓரிரு அணு அளவு கூட்டிக்கொண்டு போனால், காந்தப் படலங்கள் எதிரெதிராகவும் ஒத்த திசையிலும் மாறி மாறி அமைகின்றன, ஊஞ்சல் போல. அடுத்த ஆண்டில் கோபால்ற்றும் செம்பும் மாறி மாறி அடுக்கிய படலங்களில், அறை வெப்பநிலையிலேயே மிகப் பெரிய தடை மாற்றத்தைப் பெற்றார். அதே 1991இல், பிரான்ஸிலிருந்து வந்திருந்த பேர்னார் தியெனியும் பார்க்கினும் ஐ.பி.எம். தோழர்களும் சேர்ந்து 'சுழற்சி வால்வு' என்னும் அமைப்பை வெளியிட்டனர். அதில் ஒரு காந்தப் படலம் அசையாது பூட்டப்பட்டிருக்கும்; மற்றது மெல்லிய புலத்துக்கும் திரும்பும். வன்தட்டை வாசிக்கும் முனை பிறந்தது.

1997இன் இறுதியில் ஐ.பி.எம். அந்த முனை பொருத்திய முதல் வன்தட்டை விற்பனைக்கு விட்டது. கொள்ளளவு 16.8 கிகாபைற். இதே நிறுவனம் 1956இல் வெளியிட்ட உலகின் முதல் வன்தட்டு, இரண்டடி விட்டமுள்ள 50 தட்டுகளும் ஏறத்தாழ ஒரு தொன் நிறையும் கொண்டு, 5 மெகாபைற்றைத்தான் தாங்கியது. 2001 ஒக்டோபரில் அப்பிள் நிறுவனம் ஐபொட்டை வெளியிட்டபோது 5 கிகாபைற் சட்டைப் பைக்குள் வந்துவிட்டது.

குருன்பேர்க்கின் கட்டுரை போய்ச் சேர்ந்த மே 31 என்ற திகதி எங்களுக்கு வேறொன்றை நினைவூட்டும். 1981இல் அந்த இரவில்தான் யாழ். நூலகம் எரியத் தொடங்கியது. எஞ்சிய ஈழத்துத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவில் சேர்க்கும் 'நூலகம்' திட்டம் 2005இல் தொடங்கியது. பெரும் கட்டடமோ அரசின் நிதியோ இன்றித் தன்னார்வலர்கள் பக்கம் பக்கமாகப் படிமம் எடுத்துச் சேமிக்கக் கூடியதாக இருந்தமைக்கு மலிவாகிப்போன வன்தட்டும் ஒரு காரணம். பார்க்கின் இதை அறிந்திருக்க நியாயமில்லை.

மீண்டும் அந்த நாற்காலிக்கு வருகிறேன். நோபல் குழுவின் பக்கத்திலும் நியாயம் உண்டு. பரிசு 'இராட்சத காந்தத்தடையைக் கண்டுபிடித்தமைக்காக' வழங்கப்பட்டது. கண்டுபிடித்தோர் இருவரே, திகதிகள் அதைச் சொல்கின்றன. ஆனால் அல்பிரட் நோபல் தமது உயிலில் பௌதிகவியலுக்கு எழுதியது கண்டுபிடிப்பை மட்டுமன்று, புத்தாக்கத்தையும்தான். 2000இல் தொகுப்புச் சுற்றுக்காக ஜக் கில்பிக்கு அளித்தார்கள். 2014இல் நீல ஒளி உமிழும் இருவாயிக்கு அளித்தபோது, தொழிற்சாலை ஆய்வுகூடத்தில் அதைச் செய்து முடித்த நகமுராவும் மூன்றாமவராக அமர்ந்தார். நகமுராவுக்கு இடம் இருந்ததென்றால் பார்க்கினுக்கும் இருந்திருக்க வேண்டும் என்பது எனது துணிபு. வேறு எவருக்கும் சேர வேண்டிய இடத்தை அவர் கேட்கவில்லை. இடம் காலியாகத்தான் இருந்தது.

பரிசு அறிவிக்கப்பட்ட நாளில் இன்னொரு விசித்திரமும் இருந்தது. வன்தட்டு உற்பத்தியாளர்கள் அந்த முனையைக் கைவிடத் தொடங்கியிருந்தனர். இடையில் உலோகத்துக்குப் பதிலாக மின்கடத்தாப் படலத்தை வைத்து, இலத்திரன்கள் அதை ஊடுருவிப் பாய்வதைப் பயன்படுத்தும் புதிய முனை வந்துவிட்டது. அறை வெப்பநிலையில் அதைச் சாதித்தவர்கள், 1995இல், யப்பானின் மியாசாக்கியும், அமெரிக்காவில் இந்தியரான ஜகதீஷ் மூதேராவும். 2004இல் மக்னீசியம் ஒட்சைட்டைக் கொண்டு அதைப் பல மடங்கு பெருக்கியோரில் ஒருவர் யப்பானின் யுவாசா. மற்றவர் அதே பார்க்கின். இன்று எங்கள் மேசைக் கணினிகளில் வன்தட்டின் இடத்தைக் காந்தமே இல்லாத நினைவகங்கள் பிடித்துவிட்டன. ஆயினும் பெரும் தரவு நிலையங்களில் தட்டுகள் இன்றும் சுழல்கின்றன. அவற்றை வாசிப்பது அந்த ஊடுருவல் முனைகளே.

2014இல் பின்லாந்து தனது மிலேனியம் தொழில்நுட்பப் பரிசைப் பார்க்கினுக்குத் தனியொருவராக வழங்கியது. பத்து இலட்சம் யூரோ. அதே ஆண்டில் அவர் ஜேர்மனியின் ஹல்லே நகரிலுள்ள மக்ஸ் பிளாங்க் நிலையமொன்றின் இயக்குநரானார். குருன்பேர்க் 2018 ஏப்ரலில் காலமானார்.

நாற்காலியே கிடைக்காதவர் பார்க்கின் மட்டுமல்லர். 1988 நவம்பரில் வெளிவந்த அந்தக் கட்டுரையில் ஒன்பது பெயர்கள் உள்ளன. ஃபேரின் பெயர் மூன்றாவது. முதற் பெயர், பிரேசிலிலிருந்து ஓர்சேக்கு வந்து தங்கி ஆய்வு செய்த மாரியோ பைபிச்சினுடையது. இன்றும் அக்கட்டுரையைச் சுட்டும் ஆய்வாளர்கள் 'பைபிச்சும் பிறரும், 1988' என்றே எழுதுகிறார்கள்.