வேங்கடத்திற்கு அப்பால்

பண்டைத் தமிழகத்தின் வடவெல்லை வேங்கடம், தென்னெல்லை குமரி எனத் தொல்காப்பியத்தின் சிறப்புப் பாயிரம் வரையறுக்கிறது. அவ்வேங்கடத்தையும் கடந்து, தில்லித் தலைநகரில் குடியேறி வாழும் நமக்கு அவ்வெல்லை வெறும் ஏட்டுச் செய்தியன்று. ஊர் செல்லுந்தோறும் நினைவில் எழும் தலைவாயில்.

பொருள் தேடி வேங்கடங் கடந்தவருள் நாம் முதல்வர் அல்லேம். கள்வர் கோமான் புல்லியின் வேங்கடத்தை விழாச் சிறப்புடைய இடமாக அகநானூற்றில் மாமூலனார் போற்றுகிறார். அதற்கு அப்பாற்பட்ட நிலத்தைச் சங்கப் புலவர் ‘மொழிபெயர் தேயம்’ என்றனர். மொழி வேறாகும் நாடு என்பது பொருள். பிரிந்தவன் மீளும் நாளைத் தலைவி சுவரிற் கோடிட்டு எண்ணினாள். அவள் தூரத்தைக் காதத்தால் அளந்திலள், நாளால் அளந்தாள்.

பல நூற்றாண்டு கழிந்தும் பயணத்தின் வேகம் பெரிதும் மாறவில்லை. சென்னை உச்சநீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராயிருந்த ஏனுகுல வீராசாமி 1830 மே 18ஆம் நாள் காசிக்குப் புறப்பட்டார். திருப்பதி, கடப்பை, ஐதராபாத் வழியே சென்று 1831 செப்டம்பரில் மீண்டார். பதினைந்து மாதத்திற்கு மேற்பட்ட அவ்யாத்திரையை அவர் தெலுங்கில் எழுதினார். அதனை 1838இல் அச்சேற்றியவர் அவர் நண்பர் சீனிவாசப் பிள்ளை. இரு மொழியாரும் அந்நாளில் எத்துணை நெருங்கி வாழ்ந்தனர் என்பதற்கு இது நற்சான்று.

பின்னர் இருப்புப்பாதை வந்தது. 1856 ஜூலை 1ஆம் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை முதல் வண்டி ஓடியது. 1871இல் அரக்கோணம், ரேணிகுண்டா வழியே சென்ற பாதை ராய்ச்சூரில் பம்பாய்ப் பாதையோடு இணைந்தது. 1944இல் திருமலைக்கு மோட்டார்ச் சாலை திறக்கப்பட்டது. இன்று ரேணிகுண்டாவில் விமான நிலையம் உளது. வான்வழியே அளந்தால் சென்னை அங்கிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர். தில்லி ஏறத்தாழ 1,680 கிலோமீட்டர். திங்கள் பல பிடித்த வழியை நேர்விமானம் மூன்று மணி நேரத்திற்குள் கடந்துவிடுகிறது.

ஆயினும் வரைபடத்தின் கோடுகள் வேறு வகையில் நகர்ந்தன. 1911இல் அமைந்த சித்தூர் மாவட்டம் 1953 அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்தது. ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய எல்லைப் போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தணி தமிழகத்தை அடைந்தது. திருப்பதியும் சித்தூரும் ஆந்திரத்திலேயே நின்றன. 2022இல் திருப்பதி தனி மாவட்டமும் ஆயிற்று. எனினும் அப்பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் தெலுங்கோடு தமிழையும் பேணி வாழ்கின்றன.

அவர்களிடம் நாம் கற்க வேண்டியது ஒன்றுண்டு. விமானம் தூரத்தைச் சுருக்கும். பேத்தி பேசுவது பாட்டிக்கு விளங்காத தூரத்தை அது சுருக்காது. அயல்மொழியை வீதியில் விரும்பிக் கற்போம்; தமிழை வீட்டில் விடாது பேசுவோம். மொழிபெயர் தேயம் அன்று வேங்கடத்திற்கு அப்பால் இருந்தது. அது நம் வீட்டு வாயிலுக்கு இப்பால் வந்துவிடலாகாது.