மருத்துவச் சேர்க்கையில் ஊர்: இராமநாதபுரத்தின் பங்கிலிருந்து ஏழரை சதவீதம் வரை

1961ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்குப்படி அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் 24 லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். சென்னை நகரில் 17 லட்சம் சொச்சம். அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் அப்போது அந்தப் பழைய இராமநாதபுரத்துக்குள் அடக்கம். 1960களின் நடுவில் எம்.பி.பி.எஸ். இடங்களை ஒவ்வொரு மாவட்டத்தின் மக்கள்தொகை விகிதப்படி பிரிக்கும் விதி ஒன்றைச் சென்னை மாநில அரசு வைத்திருந்தது. மேற்சொன்ன கணக்கை அந்த விதியில் பொருத்திப் பார்த்தால், நூறு இடங்களில் இராமநாதபுரத்துக்கு ஏழும் சென்னைக்கு ஐந்தும் வரும். மழை பொய்த்தால் கண்மாயும் வற்றிப்போகிற சீமைக்குத் தலைநகரைவிடப் பெரிய பங்கு! 1968இல் உச்ச நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாது என்றது.

தமிழ்நாட்டில் மருத்துவச் சேர்க்கையின் வரலாறு பெரும்பாலும் இரண்டு கதைகளாகவே எழுதப்படுகிறது. வகுப்புவாரி உரிமை ஒன்று, நீட் மற்றொன்று. இரண்டும் எழுதப்பட வேண்டியவைதாம். ஆனால் விண்ணப்பதாரரின் சாதியையும் மதிப்பெண்ணையும் தாண்டி, அவர் எந்த ஊர்க்காரர் என்ற கேள்வியும் ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டாக இந்த விதிகளுக்குள் நுழைவதும் வெளியேற்றப்படுவதுமாக இருந்துவருகிறது. நீதிமன்றம் ஒவ்வொரு முறை தள்ளும்போதும் அது வேறு பெயரில் திரும்பி வந்தது. அந்தக் கேள்வியின் போக்கை அருப்புக்கோட்டை வட்டாரத்திலிருந்து பின்தொடர்கிறது இக்கட்டுரை.

செண்பகம் வழக்கில் கவனிக்கப்படாத ஒரு வரி

1835இல் சென்னையில் தொடங்கிய மருத்துவப் பள்ளி 1850இல் சென்னை மருத்துவக் கல்லூரி ஆனது. அடுத்த நூறாண்டில் தெற்கத்திச் சீமைக்கென எம்.பி.பி.எஸ். கல்லூரி எதுவும் வரவில்லை. மதுரை மருத்துவக் கல்லூரி தொடங்கியது 1954இல்தான். அதுவரை சிற்றூர்களில் வைத்தியம் பார்த்தவர்களில் பலர் எல்.எம்.பி. டாக்டர்கள். பட்டம் இல்லை, உரிமம் உண்டு. படிப்புக் காலமும் குறைவு. 1946இல் போர் (Bhore) சுகாதாரக் குழு இந்த இரண்டாம் படியை எடுத்துவிட்டு, நாடெங்கும் ஒரே தர மருத்துவர் போதும் என்று பரிந்துரைத்தது. தரம் உயர்ந்தது, வாசல் குறுகியது. இனி மருத்துவராக வேண்டுமானால் எம்.பி.பி.எஸ். இடம் ஒன்றுதான் வழி. அந்த இடங்கள் மாநிலம் முழுவதற்கும் சில நூறுக்குள் அடங்கின.

அவற்றைப் பங்கிட்டது வகுப்புவாரி அரசாணை. 14 இடங்களில் பிராமணர் அல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிசனங்களுக்கு 2, கிறிஸ்தவர்களுக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1 என்ற கணக்கு எல்லாரும் அறிந்தது. செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதை ரத்து செய்ததும், அதே ஆண்டில் முதல் அரசியல் சட்டத் திருத்தம் வந்து 15(4) சேர்ந்ததும் பாடப்புத்தகத்தில் இடம்பெற்ற செய்திகள்.

அந்தத் தீர்ப்பு, அன்றைய சேர்க்கை முறையை முதலில் விவரித்துக்கொண்டு போகிறது. மொத்தம் 330 இடங்கள். வெளிமாநிலத்தவருக்கு 17, அரசின் விருப்பப்படி நிரப்ப 12. எஞ்சியவை மாநிலத்தின் நான்கு மாவட்டத் தொகுதிகளுக்குப் பிரித்து அளிக்கப்படுகின்றன. ஒவ்வொரு தொகுதிக்குள்ளும்தான் வகுப்புவாரிக் கணக்கு போடப்படுகிறது. ஆக, வகுப்புக்கு முன்பே வட்டாரம் இருந்திருக்கிறது. வழக்கு நடந்தது வகுப்பைப் பற்றி. வட்டாரப் பங்கீட்டின் மேல் அன்று யாரும் கை வைக்கவில்லை. பின்னால் எழுதியவர்களும் இந்த வரியைக் கடந்தே போய்விட்டார்கள்.

அரசின் விருப்பத்துக்கு விடப்பட்ட இடங்களைப் பற்றி விருதுநகர்ப் பக்கம் ஒரு கதை இன்றும் உலவுகிறது. முதலமைச்சராக இருந்த காமராஜர், தம் பொறுப்பில் வந்த மருத்துவ இடங்களுக்கு விண்ணப்பக் கட்டை வாங்கி, பெற்றோர் கையெழுத்துக்குப் பதிலாகக் கைநாட்டு வைத்திருந்த பிள்ளைகளாகப் பார்த்துப் பொறுக்கினார் என்பது அது. வாய்மொழியாகவே வளர்ந்த கதை. அதன் நியாயம் கேட்பவரை உடனே தொடுகிறது. ஆனால், அடுத்து வரும் முதலமைச்சர் கைநாட்டையே தேடுவார் என்பதற்கு எந்த விதியிலும் உத்தரவாதம் இல்லை. நல்ல மனிதர் கையில் நன்றாக ஓடும் முறை என்பது ஆராய்ச்சியாளரைப் பொறுத்தவரை பலவீனமான முறைதான்.

மாவட்டம் தள்ளப்படுகிறது

1968இல் தீர்ப்பான பி.ராஜேந்திரன் வழக்குதான் இந்த வரலாற்றின் திருப்பம். சேர்க்கை விதிகளில் 5ஆம் விதி சமூக, கல்வி நிலையில் பின்தங்கிய வகுப்பினருக்கு ஒதுக்கீடு தந்தது. 8ஆம் விதி மாவட்டவாரியாக இடங்களைப் பிரித்தது. இரண்டுமே வழக்கில் கேள்விக்குள்ளாயின. சாதிப் பட்டியல் அடிப்படையிலான 5ஆம் விதியை நீதிமன்றம் ஏற்றது. மாவட்டப் பங்கீட்டை ஏற்கவில்லை.

அரசு முன்வைத்த வாதம் வெளிப்படையானது: மாவட்டவாரியாகப் பிரிக்காவிட்டால், சென்னை நகரத்து மாணவர்கள் தங்கள் மக்கள்தொகைக்கு மிஞ்சிய இடங்களை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இந்த வாக்குமூலமே அரசுக்கு எதிராகத் திரும்பியது. நல்ல மதிப்பெண் எடுத்த சென்னைப் பையன் வெளியே நிற்க, குறைந்த மதிப்பெண் எடுத்த வேறொரு மாவட்டத்துப் பையன் உள்ளே போவான் என்றால், சிறந்தவர்களைத் தேர்ந்தெடுப்பது என்ற நோக்கத்துக்கும் மாவட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று நீதிமன்றம் கேட்டது. அரசியல் சட்டத்தின் 14ஆம் பிரிவு மீறப்பட்டதாகத் தீர்ப்பு வந்தது.

இதே மாணவர் படித்து முடித்து எங்கே வேலை பார்ப்பார் என்பதும் தேர்வின் நோக்கமாக இருக்கலாம் என்று அரசு வலுவாக வாதாடவில்லை என்பதே என் வாசிப்பு. வாதத்தை அங்கே கொண்டு போயிருந்தால் மாவட்டத்துக்கும் நோக்கத்துக்கும் தொடர்பு காட்டியிருக்க முடியும். ஜப்பான் அதைத்தான் செய்தது. 1972இல் தொடங்கிய ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் ஆண்டுக்கு இரண்டு மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறார்கள். தம் மாநிலம் சொல்லும் இடத்தில் ஒன்பதாண்டு பணிசெய்தால் கல்விக் கட்டணக் கடன் தள்ளுபடி.

தமிழ்நாடு வேறு வழி தேடியது. சென்னைக் கல்லூரிகள் ஓர் அலகு, வெளியூர்க் கல்லூரிகள் தனித்தனி அலகு, ஒவ்வொன்றுக்கும் தனித் தேர்வுக் குழு என்று ஏற்பாடு வந்தது. மாவட்டம் போய் அலகு வந்தது, அவ்வளவுதான். பெரியகருப்பன் வழக்கில் 1970இல் அதையும் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த வழக்கில் நேர்முகத் தேர்வும் கூண்டில் ஏறியது. பாட மதிப்பெண்ணுக்கு 200, நேர்முகத்துக்கு 75. விளையாட்டு அல்லது என்.சி.சி., சேவைப் பணி, உடல்வாகு, பொதுத் திறன், நாட்டம் என்று ஐந்து தலைப்புகள். அருப்புக்கோட்டையில் தறிக்குழிக்கும் பள்ளிக்கும் இடையே வளர்ந்த பிள்ளைக்கு என்.சி.சி. சான்றிதழும் சரளமான ஆங்கிலமும் எங்கிருந்து வரும்? நேர்முகத்தின் பிடி தளர்ந்தது இந்த வட்டாரத்துக்கு நல்லதாகவே முடிந்தது. ஊர்ப் பங்கு போனதுதான் இழப்பு.

1974இல் உத்தரப் பிரதேசத்தின் பிரதீப் டாண்டன் வழக்கு இன்னொரு கதவையும் சாத்தியது. கிராமப்புற மாணவருக்கான மருத்துவ இட ஒதுக்கீடு செல்லாது. நாட்டில் எண்பது சதவீதம் பேர் கிராமத்தவர், அத்தனை பேரையும் ஒரே பின்தங்கிய வகுப்பு என்று எப்படிச் சொல்வது என்றது நீதிமன்றம். மலைப் பகுதிக்கும் உத்தராகண்ட் பகுதிக்கும் தந்த ஒதுக்கீட்டை மட்டும் ஏற்றது. மலை என்றால் பின்தங்கியது. கரிசல் என்றால் அப்படியில்லை. மழைமறைவுக்கு அரசியல் சட்ட அகராதியில் இடம் கிடைக்கவில்லை.

ஊர்க் கணக்கு எப்போதும் நியாயத்தின் பக்கமே நிற்கும் என்று நினைத்துவிடக் கூடாது. பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் நடந்ததும் இதே காலத்துக் கதைதான். இலங்கையில் 1970களின் தொடக்கத்தில் மொழிவாரித் தரப்படுத்தல் வந்து, மருத்துவத்துக்குத் தமிழ்மொழி மாணவர் கூடுதல் மதிப்பெண் எடுக்க வேண்டியதாயிற்று. 1974 முதல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. யாழ்ப்பாணத்துக்கு அது பேரிடி. மன்னார் போன்ற பின்தங்கிய தமிழ் மாவட்டங்களுக்குச் சிறு வாய்ப்பு. முதலில் வந்த மொழிப் பாகுபாட்டின் காயம் ஆறுமுன்னே மாவட்டக் கணக்கு வந்ததால் இரண்டும் ஒரே அநீதியாகவே நினைவில் நிற்கின்றன. இன்றைக்கு அங்கே 40 சதவீதம் தீவளாவிய தகுதி, 55 சதவீதம் மாவட்ட மக்கள்தொகை, 5 சதவீதம் வாய்ப்பு குறைந்த மாவட்டங்களுக்கு என்ற கணக்கு ஓடுகிறது. நம் 8ஆம் விதியின் உடன்பிறப்பு அங்கே உயிரோடிருக்கிறது.

கட்-ஆஃப் காலம்

1977இல் அருப்புக்கோட்டைத் தொகுதியில் வென்றுதான் எம்.ஜி.ஆர். முதலமைச்சரானார். அவரது ஆட்சியில்தான் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு 1980இல் 50 சதவீதமாக உயர்ந்தது. 1984இல் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்ததும் அவரது ஆட்சியில்தான். முதலாவது இந்த வட்டாரத்துப் பெரும்பாலான குடும்பங்களுக்கு வாசலைத் திறந்தது. இரண்டாவது அந்த வாசலில் ஒரு பயிற்சி மையத்தைக் கொண்டுவந்து வைத்தது. பிளஸ் டூவுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100, மொத்தம் 300. பயிற்சி மதுரையில், மதுரை ஐம்பது கிலோமீட்டர்.

1985இல் இராமநாதபுரம் மூன்றாகப் பிரிந்து, இந்தப் பகுதி காமராசர் மாவட்டமாகி, பிறகு விருதுநகர் மாவட்டமாயிற்று. பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் அந்த மாவட்டம் ஆண்டுக்கணக்கில் மாநிலத்தின் முதலிடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. தேர்ச்சி வேறு, கட்-ஆஃப் வேறு என்பது அப்போதுதான் புரிந்தது. தேர்ச்சி என்பது கடைசி வரிசைப் பிள்ளையையும் கரையேற்றும் ஆசிரியரின் வேலை. கட்-ஆஃப் முதல் வரிசையில் இருப்பவர்களைக் கால் மதிப்பெண் வித்தியாசத்தில் பிரிக்கிற வேலை. அதே மாவட்டம் 2018இல் மத்திய அரசின் முன்னேற விழையும் மாவட்டங்கள் பட்டியலிலும் இடம்பெற்றது. தமிழ்நாட்டில் அதற்குத் துணை இராமநாதபுரம் மட்டுமே.

ஊர்க் கேள்வி 1990களின் பிற்பகுதியில் கிராமப்புற ஒதுக்கீடாகத் திரும்பி வந்தது. முதலில் 15 சதவீதம், 2001இல் 25 சதவீதம். உயர் நீதிமன்றத்தில் அது நிற்கவில்லை. பிறகு அரசு நுழைவுத் தேர்வையே தூக்கிவிட்டது. பேராசிரியர் மு.அனந்தகிருஷ்ணன் குழுவின் பரிந்துரைக்குப் பின் வந்த சட்டம் 2007இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்றது. உயிரியல் மதிப்பெண்ணை நூற்றுக்கும், இயற்பியல், வேதியியலை ஐம்பது ஐம்பதுக்கும் சுருக்கிக் கூட்டினால் கட்-ஆஃப். உயிரியலில் 196, இயற்பியலில் 192, வேதியியலில் 194 என்றால் 98, 48, 48.5, ஆக 194.5. இருவர் சமமாக நின்றால் உயிரியல் மதிப்பெண், பிறகு வேதியியல், பிறகு நான்காவது பாடம், பிறந்த தேதி, கடைசியில் ரேண்டம் எண். ஏழாண்டு உழைப்பைக் குலுக்கல் எண் தீர்க்கும் என்பதைப் பெற்றோர் பெரிதாகக் குறைசொல்லவில்லை. குலுக்கலுக்குச் சிபாரிசு தெரியாதே!

அந்தப் பத்தாண்டைப் பொற்காலம் என்பவர்களோடு முழுக்க உடன்பட முடியவில்லை. பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலே இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை உருவேற்றிய நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகள்தாம் அந்த முறையின் பெரிய அறுவடைக்காரர்கள். 2016இலும் அரசுப் பள்ளிகளிலிருந்து எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்கள் நாற்பதைத் தொடவில்லை. ஆனால் தமிழ்வழி மாணவர்கள் 14 சதவீதத்தைச் சுற்றி இருந்தார்கள். 2017இல் நீட் வந்தபின் அது இரண்டு மூன்று சதவீதத்துக்கு இறங்கியதை நீதியரசர் ஏ.கே.ராஜன் குழு 2021இல் பதிவுசெய்தது. 2019-20இல் அரசுப் பள்ளியிலிருந்து போனவர்கள் ஆறே பேர். அரசுக் கல்லூரிகளில் சேர்ந்தவர்களில் பயிற்சி மையத்துக்குப் போகாதவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை என்பது அதே காலத்தில் உயர் நீதிமன்றத்தில் வெளிவந்தது. 2018 நீட்டின் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 கருணை மதிப்பெண் தரச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை நிராகரித்தது. 1,200க்கு 1,176 எடுத்த அரியலூர் மாவட்டத்து மாணவி அனிதாவின் மரணம் 2017 செப்டம்பரில் நேர்ந்தது. அதைப் பற்றித் தமிழ் வாசகர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

பள்ளி என்ற புது எல்லை

நீதியரசர் பொ.கலையரசன் குழு அரசுப் பள்ளி மாணவருக்கு 10 சதவீதம் உள் ஒதுக்கீடு பரிந்துரைத்தது, அரசு 7.5 சதவீதமாகச் சட்டமியற்றியது. 2020 அக்டோபரில் ஆளுநர் ஒப்புதல். முதலாண்டிலேயே முன்னூறுக்கு மேற்பட்ட எம்.பி.பி.எஸ். இடங்கள். 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. மாவட்டமும் அலகும் கிராமமும் தோற்ற இடத்தில் பள்ளி நின்றது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர் யார் என்பதைச் சான்றிதழ் காட்டும். டாண்டன் வழக்கில் எழுந்த எண்பது சதவீதப் பிரச்சினையும் இல்லை. நீட் விலக்கு மசோதாவுக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட பின், கைவசம் இருக்கும் உருப்படியான கருவி இதுதான்.

2022 ஜனவரியில் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரிக்கு 150 இடங்கள். கட்டடம் மாவட்டத்தில் இருக்கிறது. தேர்வு மாநிலத் தரவரிசைப்படி நடக்கிறது. சேலத்துப் பிள்ளை இங்கே வரலாம், திருச்சுழிப் பிள்ளை தர்மபுரிக்குப் போகலாம்.

திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளி மாணவிக்கு 7.5 சதவீதம் நேரடியாகப் பொருந்துகிறது. அருப்புக்கோட்டை நகரத்துக்குள் வந்தால் நிலைமை வேறு. இங்கே பல தலைமுறையாகப் படிப்புச் சொல்லிக் கொடுத்தவை தேவாங்கர், நாடார், சாலியர் சமூகங்கள் மகமையும் நன்கொடையும் திரட்டி எழுப்பிய பள்ளிகள். ஆசிரியர் சம்பளம் அரசுடையது, நிர்வாகம் சமூகத்துடையது. சட்டத்தின் கண்ணில் அவை அரசு உதவிபெறும் பள்ளிகள். அரசுப் பள்ளிகள் அல்ல. கைத்தறி நெய்பவர் வீட்டுப் பெண், கட்டணம் இல்லாமல், தமிழ்வழியில், அதே பாடப்புத்தகத்தைப் படித்தாலும் 7.5 சதவீதத்துக்குள் வரமாட்டாள். எட்டாம் வகுப்புவரை கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் தனியார் பள்ளியில் படித்து, பிறகு அரசுப் பள்ளிக்கு மாறிய பிள்ளை வருவாள். ஐந்தாண்டுக்குப் பின் இந்த ஒதுக்கீட்டை மறுபரிசீலிக்க உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உதவிபெறும் பள்ளிகளின் கோரிக்கைக்கு அடுத்த வாய்ப்பு அப்போதுதான். அதுவரை மகளை டாக்டராக்க நினைக்கும் நெசவாளர், அவள் ஐந்தாம் வகுப்பை முடிக்கும்போதே, தெருமுனையில் இருக்கும் சமூகப் பள்ளியா, கொஞ்சம் தள்ளியிருக்கும் அரசுப் பள்ளியா என்று முடிவெடுத்தாக வேண்டும்.